ஆங்கிலச் சந்தேகம்: 'செக்ரிகேட்' என்று எழுதியது தப்பா?

கேள்வி – புதுவரவு

எங்கள் டீமில் 12 பேர். புதிதாகச் சேர்ந்தவர்களை ஒரு குழுவாகவும் பழையவர்களை ஒரு குழுவாகவும் பிரித்தோம். அமெரிக்க கிளையண்ட்டுக்கு மெயில் போட்டபோது 'வீ ஹேவ் செக்ரிகேட்டட் த டீம்' என்று எழுதிவிட்டேன். 'ஸ்ப்ளிட் என்றுதானே சொல்ல வந்தீர்கள்?' என்று உடனே பதில் வந்தது. அகராதியில் 'பிரி' என்றுதான் இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட் குப்பை அறிவிப்பிலும் இதே சொல்தான். எங்கே சறுக்கினேன்?

பதில் – பழைய வாத்தியார்

அகராதி பாதிதான் சொல்லியிருக்கிறது தம்பி. லத்தீனில் 'செ' என்றால் தனியே, 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து விலக்கி நிறுத்துவதுதான் மூலப்பொருள். கூடுவதைச் சொல்லும் 'காங்கிரிகேட்' கூட அதே மந்தையில் பிறந்ததுதான். ஆக இது வெறும் பிரிப்பு இல்லை, ஒதுக்கிவைப்பு.

அமெரிக்கருக்கு உறுத்துவதற்குக் காரணம் வரலாறு. கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி வைக்கலாம், 'தனி, ஆனால் சமம்' என்று 1896ல் பிளெஸ்ஸி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. அரசுப் பள்ளிகளில் அது செல்லாது என்று பிரவுன் வழக்கில் தீர்ப்பு வர 1954 ஆகிவிட்டது. பள்ளி, பஸ், ஓட்டல் என்று எல்லா இடத்திலும் நடந்த அந்த ஒதுக்கலுக்குப் பெயரே 'செக்ரிகேஷன்'. மனிதர்களைப் பற்றி எழுதும்போது அந்த வாடை வராமல் இருக்காது.

பதில் – மாடித்தோட்டம்

குப்பைக்குத் தாராளமாகப் போடலாம். 2016 திடக்கழிவு விதிகளிலேயே மக்கும், மக்காத, வீட்டு அபாயக் கழிவு என்று பிரிப்பதற்கு இந்தச் சொல்தான் இருந்தது. வாழைப்பழத் தோல் கோபித்துக்கொள்ளாது!

கேள்வி – புதுவரவு

அப்போ 'செபரேட்' போட்டால் சரியா?

பதில் – பழைய வாத்தியார்

முட்டையில் மஞ்சள் கருவைத் தனியே எடுப்பதற்கு அதுதான். குழுவுக்குப் போட்டால் தப்பில்லை, ஆனால் சண்டை விலக்கியது போலத் தொனிக்கும். 'ஸ்ப்ளிட் இன்டு டூ', 'டிவைட்' இரண்டில் ஒன்று போடுங்கள். அப்புறம், 'செக்ரிகேட்'டை எங்கே எழுதினாலும் எதிலிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', எந்த அடிப்படையில் என்பதற்கு 'பை'.

புதுவரவு

'ஸ்ப்ளிட்' போட்டு மறுபடி அனுப்பினேன். ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் பதிலாக வந்தது. போன மாதம் பழைய கிளையண்ட்டுக்கும் இதையே எழுதியிருக்கிறேன். அதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.