லைஃப் எல்190: இன்ஜின் படம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, 1990இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய, சரி, ஓட முயன்ற லைஃப் எல்190 காரை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். 14 பந்தயங்களுக்கு வந்தும் தகுதிச் சுற்றுக்கும் முன்னால் நடக்கும் முன்தகுதிச் சுற்றை ஒருமுறைகூடத் தாண்டாத கார். முக்கியக் காரணம் ஃபிராங்கோ ரோக்கி வடிவமைத்த டபிள்யூ12 இன்ஜின்: நான்கு நான்காக மூன்று வரிசை சிலிண்டர்கள், 3.5 லிட்டர். சக்தி மற்றவர்களைவிட மிகக் குறைவு, அடிக்கடி பழுது வேறு. போர்ச்சுகல் பந்தயத்தில் அதற்குப் பதிலாக ஜட் நிறுவனத்தின் வி8 இன்ஜினை மாட்டினார்கள். இன்ஜின் மூடி சரியாகப் பொருந்தாமல் பறந்தே போய்விட்டது, பாவம்!

என் சிக்கல் இதுதான்: டபிள்யூ12இன் நடு வரிசை எக்ஸாஸ்ட் குழாய்கள் எந்தப் பக்கமாக இறங்குகின்றன? பின்னாலிருந்து எடுத்த தெளிவான படம் இருந்தால் பகிருங்கள். மூடியைக் கழற்றினால் இன்ஜின் தெரியும் என்று மகனிடம் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.