விண்டோஸில் பறக்கிறது, லினக்ஸில் படுத்துவிடுகிறது: தப்பு யார் மேல்?

வேகப்பிரியன்:
ப்ராசஸரை எல்லா கோரிலும் (உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணக்கிடும் பகுதியிலும்) 4.9 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, 1.28 வோல்ட்டில் நிறுத்தியிருக்கிறேன். விண்டோஸில் மூன்று வாரமாக கேம் ஓடுகிறது, நீலத்திரை ஒரு தடவைகூட வரவில்லை. அதே மெஷினில் லினக்ஸை பூட் செய்து கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கம்பைல் போட்டால், பத்தே நிமிடத்தில் ஜிசிசி கம்பைலர் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தவறான நினைவக முகவரியைத் தொட்ட பிழை) என்று விழுகிறது. ஹார்டுவேர் ஒன்றுதானே? கோளாறு லினக்ஸில்தான். மறுப்பவர்கள் வரலாம்.

கெர்னல்காரன்:
வந்துவிட்டேன். ஒரே கேள்வி: ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபைலில்தான் விழுகிறதா?

வேகப்பிரியன்:
இல்லை. ஒரு தடவை நெட்வொர்க் டிரைவர், அடுத்த தடவை வேறெங்கோ. திரும்ப ‘மேக்’ (கம்பைலை ஓட்டும் கட்டளை) கொடுத்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

கெர்னல்காரன்:
அப்படியென்றால் கேஸ் முடிந்தது. மென்பொருள் பிழை பெரும்பாலும் அதே இடத்தில்தான் திரும்பத் திரும்ப விழும், இப்படி இடம் மாறி மாறி விளையாடுவது அபூர்வம். ‘சிக்னல் 11’ (இதே செக்மென்டேஷன் ஃபால்ட்தான்) லினக்ஸ்காரர்களுக்குத் தொண்ணூறுகளிலிருந்தே பழகிய கதை; கெர்னல் கம்பைலையே ஹார்டுவேர் சோதனையாக ஓட்டியவர்கள் உண்டு. கம்பைலரின் வேலை முழுக்க பாயின்டர்கள், அதாவது நினைவக முகவரிகள். ஒரு பிட் புரண்டால் ஆள் காலி. கேமில் அதே பிட் புரண்டால் ஒரு பிக்சல் நிறம் மாறும், யார் கண்டது?

வேகப்பிரியன்:
கேம்தானே என் வேலை! அதில் தெரியாத பிழைக்காக நான் ஏன் 4.7-க்கு இறங்கி 200 மெகாஹெர்ட்ஸை விடணும்?

பழைய_பயாஸ்:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஓஎஸ்ஸுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விண்டோஸ் 98 சும்மா இருக்கும்போதும் ப்ராசஸரைச் சுழலவிட்டே வைத்திருக்கும். லினக்ஸ் ஹால்ட் கட்டளை கொடுத்துத் தூங்க வைக்கும். ஒரே சில்லு, வேறு வேறு சூடு. இன்றைக்கும் எந்த கோரை எவ்வளவு ஆழமாகத் தூங்க வைப்பது என்று ஓஎஸ்தான் கேட்கிறது. என் மெஷின் ப்ரைம்95-ஐ (ப்ராசஸரை முழு பாரத்தில் ஓட்டும் சோதனை மென்பொருள்) இரவு முழுக்கத் தாங்கியது. ஆனால் லினக்ஸில் மவுஸைக்கூடத் தொடாமல் விட்டுவிட்டு வந்தால் உறைந்து நிற்கும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) ஆழமான சி-ஸ்டேட்டை, அதாவது ப்ராசஸரின் ஆழ்ந்த தூக்க நிலையை, அணைத்தேன், கோளாறு போய்விட்டது. தூக்கத்திலிருந்து சட்டென்று எழும்போது வோல்டேஜ் போதவில்லை, அவ்வளவுதான்.

கெர்னல்காரன்:
அண்ணே, அதுவும் வோல்டேஜ் கதைதானே? ஓஎஸ் பள்ளத்தைக் காட்டியது, தோண்டியது நீங்கள்.

பழைய_பயாஸ்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘விண்டோஸில் ஸ்டேபிள்’ என்பதற்கும் ‘ஸ்டேபிள்’ என்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி இதுதான். ஒரு ஓஎஸ்ஸில் மட்டும் சோதித்தால் பாதிப் பரீட்சை.

கெர்னல்காரன்:
வேகப்பிரியன், விண்டோஸும் சும்மா இல்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) சிஸ்டம் லாக் திறந்து ‘வீயா லாகர்’ (WHEA-Logger, ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் பகுதி), ஐடி 19 தேடுங்கள். ப்ராசஸர் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட பிழைகள் அங்கே இருக்கும். லினக்ஸில் இதையே டிமெசேஜில் (dmesg, கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) ‘மெஷின் செக்’ என்று பார்க்கலாம். 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் கணினிகளின் கிராஷ் தரவைப் பார்த்தபோதும், ஓவர்கிளாக் செய்தவை அதிகம் விழுவதாகத்தான் தெரிந்தது.

வேகப்பிரியன்:
பார்த்தேன். மூன்று வாரத்தில் 41 பதிவுகள், எல்லாம் ‘இன்டர்னல் பேரிட்டி எர்ரர்’ (ப்ராசஸருக்குள் பிட் சரிபார்ப்பில் சிக்கிய பிழை). 😐 1.32 வோல்ட் கொடுத்தேன். கம்பைல் முடிந்தது, ஆனால் சூடு 96 டிகிரி.

பழைய_பயாஸ்:
சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.28-லிருந்து 1.32 என்றாலே சுமார் 6 சதவீதம் கூடுதல் மின்சக்தி. 4.7-க்கு இறங்குங்கள்.

வேகப்பிரியன்:
4.7, 1.25 வோல்ட். கம்பைல் மூன்று தடவை முழுசாக ஓடியது, புதுப் பதிவு எதுவும் இல்லை. ஆனாலும் 4.9 ப்ரொஃபைலை (சேமித்து வைத்த அமைப்பை) அழிக்கவில்லை, கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

கெர்னல்காரன்:
வைத்துக்கொள்ளுங்கள். அந்த ப்ரொஃபைலில் இருக்கும்போது லினக்ஸ் பார்டிஷனை (வட்டில் லினக்ஸ் இருக்கும் பகுதியை) மட்டும் மவுன்ட் செய்து திறக்காதீர்கள்; பிட் புரண்டால் ஃபைல்கள் கெடலாம்.