மறு: ‘அன்ஸ்ப்ரங் வெயிட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றைப் பந்தயத்துக்காகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். செய்கிற வேலையை அப்படியே தமிழில் எழுதி வைக்க ஆசை. ‘அன்ஸ்ப்ரங் வெயிட்’ வந்ததும் நின்றுவிட்டேன். ‘தொங்கா எடை’ என்று போடலாமா?

வணக்கம்.

‘தொங்கா எடை’ வேண்டாம் நண்பரே. சஸ்பென்ஷனைத் ‘தொங்கல்’ என்று பெயர்த்ததால் வந்த வினை அது. உங்கள் காரில் பாடி எதிலும் தொங்கவில்லை, ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் தாங்குவது ஒரு கூறு. டயர், வீல், ஹப், பிரேக் டிஸ்க், கேலிப்பர் எல்லாம் ஸ்பிரிங்கின் தயவில்லாமல் சாலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிற இன்னொரு கூறு. இந்த இரண்டாவதுதான் ‘அன்ஸ்ப்ரங் வெயிட்’. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் பட்டறையில் நாலு நாள் தாங்காது.

பொதுவாக ‘எடைக்குறைப்பு’ என்று எழுதுவதிலும் இதே சிக்கல்தான். (அந்தச் சொல்லைத் தேடினால் கொள்ளுக் கஞ்சிதான் வருகிறது, அது வேறு கதை.) பின்சீட்டு, கார்ப்பெட், ஏசி, ஸ்பேர் வீல் ஆகியவற்றைக் கழற்றுகிறோம். காரின் தரையில் சத்தத்தைக் குறைக்க ஒட்டியிருக்கும் தார் ஷீட் மேல் உலர்பனியை (டிரை ஐஸ்) பரப்பி, அது விறைத்ததும் சுத்தியலால் மெல்லத் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். கையுறை கட்டாயம், கதவு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். இப்படிக் கழிவதெல்லாம் ஸ்பிரிங்குக்கு மேலே இருந்த பாரம். வண்டி வேகமாகக் கிளம்பும், சீக்கிரம் நிற்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பேச்சுக்கு 800 கிலோ வண்டியில் ஸ்பிரிங்குக்குக் கீழே 100 கிலோ என்று வைப்போம். மேலே 700, அதாவது ஏழுக்கு ஒன்று. உள்ளே 100 கிலோ கழித்துவிட்டு வீல் பக்கம் கைவைக்காமல் விட்டால் ஆறுக்கு ஒன்று. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கெர்ப் (தடத்தின் ஓர மேடு) மேல் ஏறும்போது அதே கனமான சக்கரம் லேசான பாடியை முன்னைவிட அதிகமாக உதைக்கும். வண்டி இளைத்தும், மேடுபள்ளத்தில் டயரைத் தரையோடு வைத்திருப்பது கடினமாகிவிடுகிறது. இதைச் சொல்லத்தான் இரண்டு பெயர் தேவை.

பெயருக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கட்டை வண்டியில் பாரம் நேரே அச்சின் மேல் உட்காரும். நடுவில் வில்லாக வளைந்த பட்டையை ஸ்பிரிங்காக வைத்துக் கட்டியதை ‘வில்வண்டி’ என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆகவே என் பரிந்துரை: வில்மேல் நிறை, வில்லடி நிறை.

> ‘வில்தாங்கு நிறை, வில்தாங்கா நிறை’ என்பது இன்னும் துல்லியமல்லவா?

எழுத்தில் துல்லியம்தான் ஐயா. கிரைண்டர் ஓடுகிற இடத்தில் ‘தாங்கு’, ‘தாங்கா’ இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். ‘வில்கீழ்’ என்று போட்டால் புணர்ச்சி பார்ப்பவர்கள் ‘விற்கீழ்’ என்று திருத்துவார்கள். படிப்பவர் வண்டி விற்பனைக்கு என்று நினைப்பார். ‘வில்லடி’ என்றதும் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு வில்லுப்பாட்டு நினைவுக்கு வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

‘எடை’ (வெயிட்) என்னாமல் ‘நிறை’ (மாஸ்) என்றதற்குக் காரணம் உண்டு. பள்ளத்தில் இறங்கிய சக்கரம் எவ்வளவு விரைவாகத் திசை மாறுகிறது என்பது நிறையைப் பொறுத்தது. நான்கு சக்கரத்தின் கீழும் தராசு வைத்துப் பார்க்கிறோமே, அந்தக் ‘கார்னர் வெயிட்’ எடைதான். அதற்கு ‘மூலை எடை’ இருக்கட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சொல்லைச் சோதிக்க ஓர் உதாரணம். 1970-இல் வந்த லோட்டஸ் 72 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் முன் பிரேக்குகளைக்கூட சக்கரத்திலிருந்து எடுத்து, உடம்போடு சேர்த்துப் பொருத்தி, தண்டு வழியாகச் சக்கரத்தோடு இணைத்தார்கள். பிரேக் காணாமல் போகவில்லை, கூடவே தண்டின் பாரமும் சேர்ந்தது. ‘எடைக்குறைப்பு’ என்றால் இது பொய். ‘வில்லடி நிறையை வில்மேல் நிறையாக மாற்றினார்கள்’ என்றால் ஒரே வரியில் முடிந்தது. அதே ஆண்டு மோன்சாவில் அந்தக் காரை ஓட்டிய யோகன் ரிண்ட் இறந்த விபத்து அப்படியொரு முன் பிரேக் தண்டு முறிந்ததில் தொடங்கியதாகச் சொல்வார்கள். இதை எழுதுவதற்குக் காரணம், ஹப், தண்டு, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கை (ஆர்ம்) போன்றவற்றைத் துளைபோட்டு இளைக்கவைக்கும் பழக்கம் நம் பட்டறைகளிலும் இருக்கிறது. வில்மேல் தகரம் கிழிந்தால் சத்தம்தான் வரும், வில்லடியில் ஒன்று முறிந்தால் சக்கரம் போய்விடும்.

> அலாய் வீல் போட்டுவிட்டால் வில்லடி நிறை குறைந்துவிடும் அல்லவா?

தராசில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மலிவான வார்ப்பு அலாய், கம்பெனி ஸ்டீல் வீலைவிடக் கனமாக இருப்பதுண்டு. அளவையும் பெரிதாக்கினால் கேட்கவே வேண்டாம்.

> அப்படியானால் ஸ்பிரிங்கையும் கீழ்க்கையையும் எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரு முனை பாடியில், மறு முனை சக்கரத்தில் இருக்கிறதே.

வழக்கமாகப் பாதிக்குப் பாதி. டிரைவ் ஷாஃப்டும் அப்படியே. இனி ‘ஷாக் அப்சார்பர்’ பாக்கி. ‘அதிர்வுதாங்கி’ எனக்குப் பிடிக்கவில்லை. அது அதிர்வைத் தாங்குவதில்லை, அடக்குகிறது. ‘அதிர்வடக்கி’ என்று தனி இழையில் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.