குருத்தோலை காயும் பக்குவம்

நான்கு ஆண்டுகளாகப் பனையோலையில் கைப்பைகளும் சிறு பெட்டிகளும் முடைந்து வருகிறேன். பின்னல் பத்து நாளில் கைக்கு வந்துவிட்டது. ஓலையைப் பதப்படுத்தக் கற்றுக்கொள்ளத்தான் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

முதல் ஐப்பசியில் நாற்பது கைப்பைகளை முடித்து, பாலித்தீன் உறையில் கட்டிக் கடைக்கு அனுப்பினேன். மூன்றாம் வாரம் அத்தனையும் திரும்பி வந்தன. உறையைப் பிரித்ததும் புழுக்க வாடை அடித்தது. மடிப்புகளில் எல்லாம் கடுகு இறைத்ததுபோல் கரும்புள்ளிகள். ஓலைக்குள் இறங்கிய பூஞ்சை துடைத்தால் போகாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சாயல்குடிப் பக்கம் ஓலை வாங்கப் போனபோது, அங்கே பெட்டி முடையும் ஓர் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் தம் முற்றத்துக்கு அழைத்துச் சென்று, காய்ந்துகொண்டிருந்த குருத்தோலைகளில் இரண்டை எடுத்து என் காதருகே உதறினார். ஒன்று சலசலத்தது, மற்றது ஓசையின்றித் துவண்டது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெளிர்மஞ்சள்தான். "காஞ்ச மாதிரிதான் தெரியும் தாயி, ஈர்க்கை ஒட்டின எடத்துல ஈரம் நிக்கும்" என்றார். ஓலையின் நடுநரம்பான அந்த ஈர்க்கைக் கத்தியால் வகிர்ந்து காட்டியபோது, அந்த ஓரம் விரலுக்குக் குளிர்ச்சியாகவே இருந்தது.

விரியாத குருத்தையே அவர் வாங்குகிறார். ஒரே மரத்தில் குருத்தைத் தொடர்ந்து வெட்டினால் மரம் தளர்ந்துவிடும் என்பதால், மரம் மாற்றி மாற்றி வெட்டுபவரிடம் மட்டுமே வாங்குவாராம். இதை நாம் அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். முற்றிய சாரோலை கருப்பட்டிப் பெட்டிக்கும் கூரைக்கும் ஏற்றது. புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் என்னும் ஓலைக்கூடை போன்ற நுண்ணிய வேலைக்குக் குருத்தோலையின் மென்மை வேண்டும். குருத்தை விசிறிபோல் விரித்து, இதழ் இதழாகப் பிரித்து, காலை வெயிலிலும் இரவுப் பனியிலும் மாறி மாறிப் போட்டு, ஈர்க்கை நீக்கியபின் சுருளாகச் சுற்றி வைக்கிறார். உச்சி வெயிலில் கிடந்த ஓலை மொறுமொறுவென்று ஆகி, மடிக்கும்போது ஒடிந்துவிடும்.

என் பிழை சாயமேற்றிய பிறகு நேர்ந்திருந்தது. கொதிநீரில் வெந்த ஓலை மீண்டும் நீரைக் குடித்திருக்கும். நானோ ஒரே நாள் உலர்த்திவிட்டுப் பின்னத் தொடங்கியிருந்தேன். முடையும்போது ஈரத்துணியில் பொதிந்து வைத்தால் போதும், ஓலை வளைந்து கொடுக்கும். நீரில் ஊறப்போட்டு முடைந்தால், காய்ந்து சுருங்கியபின் பின்னலில் இடைவெளி விழும். என் பைகளில் அந்தக் குறையும் இருந்தது.

இப்போது சாயமேற்றிய ஓலையை நிழலில் மூன்று நாள் விரிக்கிறேன். முடித்த பைகளையும் ஒரு நாள் காற்றாட வைத்து, பருத்தித் துணியில் சுற்றியே அனுப்புகிறேன். கொத்துக்கு ஓர் ஓலையாவது காதருகே உதறிப் பார்க்காமல் பின்ன உட்காருவதில்லை.