ஜக்கார்டு புதிதாகச் சேர்த்தது என்ன?

கேள்வி:
தறியில் டிசைன் நெய்ய, துளையிட்ட காகிதத்தால் பாவு நூல்களை (நீளவாட்டு நூல்களை)த் தேர்ந்தெடுக்கும் முறையை லியோன் நகரத்துப் பூஷோன் 1725இலேயே அமைத்துவிட்டார். 1728இல் ஃபால்கோன் ஒன்றோடொன்று கோத்த துளை அட்டைகளைக் கொண்டுவந்தார். அப்படியிருக்க, 1804இல் வந்த ஜக்கார்டின் பொறிக்கு மட்டும் இத்தனை பெயர் ஏன்?

பதில் 1:
முந்தைய இரண்டிலும் நெசவாளருக்கு உதவியாள் ஒருவர் தேவைப்பட்டார். வோகான்சோன் 1740களில் பொறியைத் தறியின் மேலேற்றி அத்தேவையை நீக்கினாலும், டிசைனைத் தாங்கிய அவருடைய உருளையின் சுற்றளவுக்குள் அடங்கும் டிசைனையே நெய்ய முடிந்தது. ஜக்கார்டு நான்குமுகப் பட்டகத்தின்மேல் ஃபால்கோனின் அட்டைச் சங்கிலியை ஓடவிட்டதால், டிசைன் நீண்டால் அட்டையைக் கூட்டினால் போதும் என்றாயிற்று. துளையுள்ள இடத்தில் ஊசி நுழைய, அதோடு இணைந்த கொக்கி கத்தியில் (கொக்கிகளைத் தூக்கும் உலோகப் பட்டையில்) மாட்டிக்கொண்டு நூலோடு எழும். துளையில்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, கொக்கி கத்தியை விட்டு விலகி அப்படியே நின்றுவிடும். என் கணிப்பில் அவர் கண்டுபிடிப்பாளர் என்பதைவிட மிகச் சிறந்த இணைப்பாளர்.

பதில் 2:
நண்பர் சொன்னது சரி. ஆனால் அட்டைகளை நகர்த்தும் அமைப்பைப் பின்னர் பிரெத்தோன் திருத்தியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே இப்பொறி பரவலாக நிலைபெற்றது. கத்தித் தொகுதி ஒன்றே உள்ள ஒற்றைத் தூக்கு ஜக்கார்டு பொறியில் கத்திகள் முழுவதும் இறங்கிய பின்னரே அடுத்த ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) எழ முடியும். இரட்டைத் தூக்கில் கத்தித் தொகுதிகள் இரண்டு. ஒன்று இறங்கும்போதே மற்றொன்று எழுவதால், விசைத்தறியின் வேகத்துக்கு அது ஈடுகொடுத்தது.

பதில் 3:
ஜக்கார்டு பொறியின் மற்றொரு வடிவமான வெர்தோல் பொறியையும் விட்டுவிடக் கூடாது. கனத்த அட்டைகளுக்குப் பதிலாக அதில் தொடர்ச்சியான காகிதச் சுருள் ஓடுகிறது. மெல்லிய காகிதம் கொக்கிகளைத் தள்ளும் விசையைத் தாங்காது என்பதால், நுண்ணிய துணை ஊசிகள் துளையை உணர மட்டும் செய்கின்றன. தள்ளும் வேலையை வேறு தகடுகள் ஏற்கின்றன.