சுகப்பிரசவத் தையல் வலிக்குப் பனிக்கட்டி ஒத்தடம்: பச்சை உடம்புக்கு ஆகுமா?

கேள்வி
எழுதுபவர்: ஈரோட்டிலிருந்து ஒரு தமக்கை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு இந்த வாரம் சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தலைப்பிரசவம், குழந்தையின் தலை வெளிவர இடம் போதவில்லை என்று பிறப்புறுப்பின் ஓரத்தில் வெட்டுப் போட்டு, பிறகு தையல் போட்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் இருந்தவரை, பணியில் இருந்த செவிலியர் ஒருவர் கையுறைக்குள் உடைத்த ஐஸ் துண்டுகளை நிரப்பி, துணியில் சுற்றி, தையல் போட்ட இடத்தில் சிறிது நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படி வைத்த பிறகுதான் அவளால் ஒருக்களித்துப் படுத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. பச்சை உடம்பில் குளிர்ச்சி ஏறினால் ஜன்னி கண்டுவிடும், குழந்தைக்கும் சளி பிடிக்கும் என்று எங்கள் அம்மாவும் தங்கையின் மாமியாரும் ஒரே குரலில் மறுக்கிறார்கள். அவர்கள் இருவரும் அவளை அல்லும் பகலும் கவனித்துக்கொள்பவர்கள் என்பதால், அவர்கள் சொல்லைத் தட்டிவிட்டு நான் எதையும் செய்ய விரும்பவில்லை. அதே சமயம், உட்கார முடியாமல் அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கஞ்சி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மனம் வரவில்லை.

ஐஸ் ஒத்தடத்தால் உண்மையிலேயே பயன் உண்டா? எவ்வளவு நேரம், எத்தனை நாள் வைக்கலாம்? தையல் பிரிந்துவிடவோ, புண் ஆறத் தாமதமாகவோ வாய்ப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால், அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

பதில் 1
எழுதுபவர்: பிரசவ வார்டில் பணியாற்றிய செவிலியர்

சகோதரி, உங்கள் தங்கைக்கும் குழந்தைக்கும் என் வாழ்த்துகள். பிரசவ வார்டில் நாங்கள் தையல் போட்ட தாய்மார்களுக்கு வழக்கமாகச் செய்கிற சிகிச்சைதான் இது. முதல் இரண்டு மூன்று நாள்களில் தையலைச் சுற்றியுள்ள சதை வீங்கி, தையல் நூல் இறுகியதுபோல் சுண்டி இழுக்கும். குளிர்ச்சி பட்டால் அந்த இடத்து இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வீக்கம் மேலும் ஏறாமல் மட்டுப்படும். வலியை எடுத்துச் செல்லும் நரம்புகளின் வேகமும் குறையும். கணுக்கால் பிசகினால் உடனே ஐஸ் வைக்கிறோமே, அதே காரணம்தான் இங்கேயும்.

வீட்டில் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கையுறையில் தண்ணீர் ஊற்றி முழுவதுமாக உறைய வைத்தால் அது கல் போல் இறுகி, தையலில் குத்தும். ஐஸ் கட்டிகளைச் சுத்தமான துணியில் முடிந்து உடைத்து, அந்தத் துகள்களைப் புதிய கையுறையிலோ சிறிய பிளாஸ்டிக் பையிலோ பாதியளவுக்கு மட்டும் போட்டுக் காற்றை வெளியேற்றி முடிச்சிட்டால், அது உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி படியும். ஃப்ரீசரில் மீன், இறைச்சி வைத்திருந்தால், ஐஸ் தட்டைத் தனி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பையின் மேல், துவைத்து வெயிலில் நன்கு காய்ந்த மெல்லிய பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். ஐஸ் ஒருபோதும் நேரடியாகத் தோலில் படக்கூடாது. பட்டால் தோல் வெந்துபோனது போன்ற புண் வரும்.

தங்கை முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகக் கழுவி, ஒற்றி எடுத்துவிட்டுப் படுக்கட்டும். பையை வைத்து 10 நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். அவளுக்கு இதமாக இருந்தால் 20 நிமிடம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். வைத்தபடியே தூங்கிவிடாமல் யாராவது அருகில் இருப்பது நல்லது. துணியை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். நாப்கினும் நனைந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஈரம் தங்குவதுதான் தையலுக்கு ஆகாது. இடையில் குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு, வலி திரும்பும்போது மறுபடியும் வைக்கலாம்.

பதில் 2
எழுதுபவர்: மகப்பேறு மருத்துவர்

செவிலியர் கூறியிருப்பது அனைத்தும் சரி. பயன் எவ்வளவு என்ற கேள்விக்கும், ஜன்னி பற்றிய அச்சத்துக்கும் நான் பதில் சொல்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்புப் பரிந்துரைகளில், பிரசவத்தின்போது பிறப்புறுப்பின் ஓரத்தில் ஏற்பட்ட காயத்தின் வலிக்கு, பிரசவித்த உடனடிக் காலத்தில் பனிக்கட்டிப் பையோ குளிர வைத்த பேடோ கொடுக்கலாம் என்றும், அதையும் அந்தப் பெண் விரும்பினால் கொடுக்கலாம் என்றும் கூறியிருக்கிறது. மாத்திரை தேவைப்பட்டால் முதலில் பாராசிட்டமால் என்பதும் அதே பரிந்துரைகளில் உள்ளது. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் இது தொடர்பான 10 ஆய்வுகளைப் பரிசீலித்தது. எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களைவிட, குளிர்ச்சி வைத்துக்கொண்டவர்களுக்கு முதல் சில மணி நேரத்திலும், ஓரிரு நாள்களிலும் வலி சற்றுக் குறைந்திருக்கலாம் என்பதே அதன் முடிவு. சான்றுகள் வலுவாக இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வில், 10 நிமிடம் மட்டும் ஐஸ் வைத்ததால் கிடைத்த நிவாரணம் இரண்டு மணி நேரம் வரை நீடித்தது. ஆகவே வலி முற்றிலும் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு முறை பால் கொடுக்கவும், சிறிது நேரம் கண்ணயரவும் போதுமான இடைவெளி கிடைக்கும். பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் அதுவே பெரிய உதவி என்று நான் கருதுகிறேன்.

இப்படி அளவாக வைப்பதால் தையல் பிரிந்ததாகவோ, புண் ஆறுவது கெட்டதாகவோ தெளிவான சான்று எதுவும் இல்லை. இக்காலத்தில் போடப்படும் தையல் நூல் சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். குளிர்ச்சி அதைப் பாதிப்பதில்லை.

இனி உங்கள் அம்மாவின் அச்சத்துக்கு வருகிறேன். அது ஆதாரமில்லாமல் பிறந்த அச்சம் என்று நான் நினைக்கவில்லை. பிரசவித்த பெண்கள் காய்ச்சல் கண்டு, பிதற்றி, உயிரிழந்ததை நம் முந்தைய தலைமுறையினர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம், கருப்பையிலோ காயத்திலோ தொற்றும் கிருமிகள். வியன்னாவில் 1847-இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோதே, அவருடைய வார்டில் இந்தக் காய்ச்சலால் இறப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கை வைக்கும் அளவுள்ள ஓர் இடத்தில் பத்து நிமிடம் குளிர்ச்சி படுவதால் உடம்பின் வெப்பநிலை இறங்கிவிடாது, பால் குறையாது, குழந்தைக்குச் சளி பிடிக்கவும் வழியில்லை. அவர்கள் அஞ்சுகிற ஜன்னி வராமல் தடுக்க வேண்டுமானால், தையலைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் அவர்களின் கண்டிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் எழுதிக் கொடுத்ததை நேரம் தவறாமல் கொடுங்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் பால் கொடுக்கும் தாய்மார்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளக்கூடியவையே. என்றாலும் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஐபுபுரூஃபனுக்கு முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

ஐஸ் வைத்துக் காலம் கடத்தக்கூடாத நிலைகளும் உண்டு. தையலின் ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் புடைத்து, மாத்திரைக்கும் அடங்காத வலி ஏற்படுவது உள்ளே இரத்தம் கட்டுவதன் அறிகுறியாக இருக்கலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, சீழ், ஒரே மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவு இரத்தப்போக்கு, சிறுநீர் பிரியாமை, மலத்தையோ வாயுவையோ அடக்க முடியாமை ஆகியவற்றில் எது தென்பட்டாலும், இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வண்டி வசதி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

பதில் 3
எழுதுபவர்: கூடலூர்ப் பகுதியில் பணிபுரியும் கிராமச் சுகாதாரச் செவிலியர்

இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குளிர்ச்சி எல்லாருக்கும் பொருந்தாது. எங்கள் மலைப்பகுதியில் அரிவாளணு இரத்தசோகை உள்ள தாய்மார்களை அடிக்கடி பார்க்கிறோம். நீலகிரி மலைவாழ் மக்களிடம் இந்நோய் 1952-இலேயே கண்டறியப்பட்டுப் பதிவாகியிருக்கிறது. இந்நோய் உள்ளவர்களுக்குக் குளிர் பட்டால் இரத்த அணுக்கள் வளைந்து குழாய்களை அடைத்துக் கடுமையான வலியைத் தூண்டக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் ஐஸ் வைக்கக்கூடாது. குளிர் பட்டால் தடித்துத் தடித்து அரிக்கும் உடம்பு உள்ளவர்களும், குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும் தொல்லை உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போன உணர்வு இன்னும் தெளியாத தாய்க்கும் வைக்கக்கூடாது. அளவுக்கு மீறிச் சில்லிட்டாலும் அவருக்குத் தெரியாது.

ஃப்ரீசர் இல்லாத வீடுகளில் நான் சொல்லிக்கொடுக்கும் வழி எளியது. காய்ச்சி ஆறவைத்த நீரைப் புதுப் பானையில் ஊற்றிக் குளிர வைத்து, சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு நாப்கினின் மேல் வைத்துக்கொள்ளலாம். ஐஸ் அளவுக்குப் பயன் இராது. ஆயினும் எரிச்சல் தணிந்ததாகப் பல தாய்மார்கள் என்னிடம் கூறியிருக்கிறார்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. அம்மாவிடமும், தங்கையின் மாமியாரான அத்தையிடமும் முழுவதையும் படித்துக் காட்டினேன். கை கழுவுவதைப் பற்றி மருத்துவர் எழுதியதை அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். மதிய வேளையில், வெயில் இருக்கும்போது மட்டும் ஐஸ் வைக்கலாம் என்று அத்தை ஒப்புக்கொண்டார்கள். தங்கைக்கும் அதில் விருப்பமே. இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. குளிப்பாட்டும்போது அத்தை இடுப்பிலும் அடிவயிற்றிலும் சூடான நீரை ஓங்கி ஊற்றுகிறார்கள். ஐஸும் வைத்துவிட்டு அதையும் செய்யலாமா? பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிப்பதாகவும் சொல்கிறாள். அங்கேயும் ஐஸ் வைக்கலாமா?

பதில் 4
எழுதுபவர்: பிரசவ வார்டில் பணியாற்றிய செவிலியர்

அத்தை இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே மகிழ்ச்சி. வெயில் நேரம் என்ற நிபந்தனையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இரவில்தான் பல தாய்மார்களுக்கு வலி கூடும் என்பதால், தூங்கப் போகும் முன் ஒரு முறை வைக்கவும் நாளடைவில் கேட்டுப் பாருங்கள்.

வெந்நீர்க் குளியல் தாராளமாகத் தொடரட்டும். முதுகு வலிக்கு அது இதம். இரண்டு திருத்தங்கள் மட்டும் போதும். நீர் அத்தையின் முழங்கை தாங்கும் சூட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. தையல் மேல் ஓங்கி ஊற்றக்கூடாது. இப்போது வீக்கம் இருக்கும் நாள்களில் தையலுக்குக் குளிர்ச்சியே ஏற்றது. மூன்று நாள் கழித்து வீக்கம் வடிந்த பிறகு, அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று முறை, 10 முதல் 15 நிமிடம் அதில் உட்காரச் சொல்லுங்கள். டப்பை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்; நீரில் மஞ்சளோ டெட்டாலோ கலக்க வேண்டியதில்லை. எழுந்ததும் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கட்டும்.

அடிவயிறு சுருட்டுவது வேறு வலி. குழந்தை பால் உறிஞ்சும்போது தாயின் உடம்பில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, கருப்பை சுருங்கித் தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இரத்தப்போக்கு மட்டுப்படுவதும் அதனால்தான். அதற்கு ஐஸ் தேவையில்லை. பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு சிறுநீர் கழித்துவிட்டு, மருத்துவர் எழுதிய மாத்திரையை எடுத்துக்கொண்டு, வயிற்றின் மேல் மிதமான வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டால் போதும். சில நாள்களில் தானாக நின்றுவிடும்.

மூன்றாம் நாளையொட்டிப் பால் கட்டி மார்பு கல்லாக இறுகினால், குழந்தை குடித்து முடித்த பிறகு அங்கே பத்து நிமிடம் குளிர்ந்த துணி வைக்கலாம். கட்டியை அழுத்திப் பிசையவே கூடாது.

கடைசியாக ஒன்று: பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறியையும் குறைத்துவிடாதீர்கள். மலம் இறுகி முக்கினால், எத்தனை முறை ஐஸ் வைத்தாலும் தையல் வலி அடங்காது. கீரை, பழம், போதிய தண்ணீர் கொடுங்கள். அப்போதும் இறுகினால், மலம் இளக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.