ரோட்ஸ்டரைக் கொடுத்துவிட்டு எம்ஆர்2 எடுக்கலாமா? பினாங்கில் ஒருவர் நேர் மாற்றுக்குக் கேட்கிறார்

பாயான்பாரு_ரோட்ஸ்டர்

வணக்கம் அண்ணன்மார்களே. என்னிடம் 1990 யூனோஸ் ரோட்ஸ்டர் 1.6 (மாஸ்டா எம்எக்ஸ்-5தான்) இருக்கிறது, கையில் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒருவர் பழக்கமானார், அவரிடம் 1991 டோயோட்டா எம்ஆர்2 டர்போ, டி-பார் கூரை (நடுக் கம்பிக்கு இரண்டு பக்கமும் கழற்றுகிற பலகை), கறுப்பு. அவர் வீட்டுக்காரம்மாவுக்குக் கூரை முழுசாகத் திறக்கிற வண்டி வேண்டுமாம். காசு மேலே கீழே வேண்டாம், வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வோம், பெயர் மாற்றுகிற செலவு அவரவர் கையில் என்கிறார்.

எனக்கு எம்ஆர்2 மேல் ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. கார் ஏற்றுகிற ஃபெர்ரி ஓடிய காலத்தில் அப்பாவோடு அக்கரைக்குப் போகும்போது எங்களுக்கு முன்னால் ஒரு சிவப்பு எம்ஆர்2 நின்றது. எஞ்சினை அணைத்த பிறகும் பின் மூடியின் துவாரங்களிலிருந்து சூடு எழும்பி, அதற்கு அப்பால் தெரிந்த கடல் நெளிந்து நெளிந்து தெரிந்தது. அப்பா இறங்கி நின்று பார்த்தார், நானும் பார்த்தேன். இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் ரோட்ஸ்டரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாலை வரி 90 வெள்ளிதான் (ரிங்கிட்), எம்ஆர்2 என்றால் 379 வெள்ளி வரும், அது பெரிய விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் வரைக்கும் ஒரு ஓட்டம், மற்ற நாளெல்லாம் உறை போட்டு நிற்கும். அந்த வளைவுகளில் எம்ஆர்2 எப்படி இருக்கும்? நம் ஊர் வெயிலுக்கு எஞ்சின் தாங்குமா? பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

உலுலங்காட்_3எஸ்

தம்பி, நான் ஆறு வருடம் எஸ்டபிள்யூ20 (இரண்டாம் தலைமுறை எம்ஆர்2) டர்போ வைத்திருந்தேன், விற்று நாலு வருடம் ஆகிறது, இன்றைக்கும் அந்த வண்டியை நினைக்காத வாரம் இல்லை. அதனால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரோட்ஸ்டரில் ஒன்பது வருடம் பழகிய கால் உங்களுடையது, அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரோட்ஸ்டரில் வளைவுக்குள் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்ஸிலரேட்டர்) காலை எடுப்பீர்கள். மூக்கு உள்பக்கம் லேசாகத் திரும்பும், வண்டி அடங்கிவிடும், 940 கிலோ வண்டிதானே. எம்ஆர்2-வில் அதையே செய்தால் பாரம் முன்னால் பாயும், பின் டயருக்குப் பிடி குறையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் வெளிப்பக்கம் இழுக்கும். கனமெல்லாம் நடுவிலேயே குவிந்திருப்பதால் சுற்ற ஆரம்பித்தால் பம்பரம் மாதிரி சுற்றும், ஸ்டீயரிங்கைத் திருப்பி மீட்க நேரமே இருக்காது. எனக்கு உலு லங்காட் மேலே ஒரு ஈரமான வலது வளைவில் நடந்தது. காலை எடுத்தேன், அடுத்த நொடியில் நான் வந்த பாதையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே வண்டி வரவில்லை, அவ்வளவுதான். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும், உள்ளே போனதும் மிதியைச் சீராகப் பிடித்துக்கொள்ள வேண்டும், இது கைக்கும் காலுக்கும் வர எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

டோயோட்டாவே 1991 கடைசியில் சஸ்பென்ஷனைத் திருத்தி, 15 இஞ்சு ரிம் போட்டு, பின்னால் 225 அகல டயர் கொடுத்தது. நீங்கள் சொல்கிற 1991 வண்டி பெரும்பாலும் அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும், அதற்கு 14 இஞ்சு. ஆனால் ரிம்மை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், யாரும் மாற்றியிருக்கலாம், தயாரித்த மாதத்தைப் பாருங்கள். முக்கியமாக நாலு சக்கரத்திலும் ஒரே அளவு டயர் போட்டிருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள், பின்னால் அகலமாக இருந்தே ஆக வேண்டும்.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். எஞ்சின் தாங்கும், தண்ணீர் ஓட்டம்தான் சிக்கல். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், இரண்டுக்கும் நடுவில் நீளமான குழாய்கள் தரைக்கடியில் ஓடுகின்றன. தண்ணீர் மாற்றும்போது காற்று உள்ளே தங்கிவிடும். அதை வெளியேற்ற ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் தனித்தனித் திருகு இருக்கிறது, அதில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி மேலே தூக்கிக் கட்டி, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்ற வேண்டும். நான் போன ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) அந்தத் திருகைத் தொடவே இல்லை. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போனது, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கடியில் உள்ள அடைப்புத் தகடு) போனது, இரண்டு மாதச் சம்பளமும் போனது. அதனால் அவரிடம் முதலில் கேளுங்கள், கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள், யார் மாற்றினார்கள், எப்படி மாற்றினார்கள் என்று. பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் டர்போ என்று சொல்லும் எத்தனையோ எம்ஆர்2 டர்போ இல்லாமல் பிறந்தவை, பிறகு ஹாஃப் கட் எஞ்சின் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டியிலிருந்து எடுத்தது) ஏறியவை. செலிக்கா ஜிடி-ஃபோர் ஹாஃப் கட்டிலிருந்து 3எஸ்-ஜிடிஇ டர்போ எஞ்சின் கிடைத்துவிடும், அதில் தப்பில்லை, சரியாகச் செய்திருந்தால் நல்ல வண்டிதான். ஆனால் எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டு கியர் பெட்டியைப் பழையதாகவே விட்டிருப்பார்கள். டர்போவுக்கு வருவது ஈ153, மற்றதற்கு எஸ்54. டர்போ முறுக்கை எஸ்54 ரொம்ப நாள் தாங்காது. அடையாளத் தகட்டில் எஞ்சின் குறியீடும் கியர் பெட்டிக் குறியீடும் பொறித்திருக்கும், கைப்பேசியில் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். துவாரம் வைத்து உயர்த்திய பின் மூடியைப் பார்த்து நம்பாதீர்கள், அது தனியாகவே கிடைக்கும்.

செந்தூல்_காகிதம்

வண்டியைப் பற்றி அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாற்று என்று சொன்னாலும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கணக்கில் அது இரண்டு தனி விற்பனை. இரண்டு வண்டிக்கும் பி5 சோதனை (பெயர் மாற்றத்துக்கு முன் செய்கிற வண்டிப் பரிசோதனை), இரண்டுக்கும் பெயர் மாற்றம். சோதனையில் சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கிராண்டோடு (வண்டியின் பதிவுச் சான்று) ஒப்பிடுவார்கள். எஞ்சின் மாற்றியதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அங்கேயே நிற்கும். அதற்குள் உங்கள் ரோட்ஸ்டரை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கையில் வண்டியும் இல்லை, காசும் இல்லை. அதனால் இரண்டு சோதனையும் தேறிய பிறகு, ஒரே நாளில், இரண்டு பேரும் சேர்ந்து போய் முடியுங்கள்.

இன்ஷூரன்ஸை முன்கூட்டியே விசாரியுங்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு கொடுக்க எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கொடுத்தாலும் வண்டியின் மதிப்பை இருவரும் பேசி எழுதிக்கொள்கிற வகையாக எடுங்கள், இல்லையென்றால் அடிபட்ட பிறகு சந்தை விலை என்று ஒரு தொகையை நீட்டுவார்கள். என்சிடி (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி) உங்கள் பெயரோடு வரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தஞ்சோங்பூங்கா_அக்கா

தம்பி, நானும் அதே 1.6 ரோட்ஸ்டர்தான், நானும் பினாங்குத் தீவுதான். ஒரே ஒரு கேள்வி. அந்த டி-பார் கூரையின் ரப்பரைப் பார்த்தீர்களா? நவம்பர் மழையில் அது ஒழுக ஆரம்பித்தால் சரியாக ஓட்டுபவர் தொடையில்தான் சொட்டும், என் தம்பி வண்டியில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், மாற்றுகிறீர்களோ இல்லையோ, உங்கள் வண்டியின் கதவுக்குப் பின்னால், துணிக்கூரை மடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் வடிகால் துளை இருக்கிறது. இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடுகிற அடிச்சட்டத்துக்குள் போய்த் தங்கும், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் குமிழ்விடும்போது உள்ளே தகடே இருக்காது. கடல் காற்று வேறு. கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?

பாயான்பாரு_ரோட்ஸ்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிறு காலை அக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் ஓட்டிய கதை. அவர் பக்கத்தில் உட்கார, இருபது நிமிடம் ஓட்டினேன். மூன்றாவது கியரில் டர்போ பிடிக்கும்போது முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுகிற மாதிரி இருக்கிறது, காதுக்குப் பின்னால் அந்த உறிஞ்சுகிற சத்தம். இறங்கும்போது எனக்குக் கை நடுங்கியது. வண்டி அவ்வளவு அழகு.

நாலு டயரும் 205. தண்ணீர் மாற்றியதைப் பற்றிக் கேட்டேன், பட்டறையில் பார்த்துக்கொள்வார்கள் என்றார், திருகைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. தகட்டைப் படம் எடுத்தேன். டர்போ இல்லாத 3எஸ்-ஜிஇ என்றுதான் பொறித்திருக்கிறது, கியர் பெட்டி எஸ்54. கிராண்டில் இருப்பதும் பழைய எஞ்சின் எண். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்றே தோன்றுகிறது, வாங்கும்போதே டர்போ என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். தகட்டைக் காட்டியதும் முகம் வாடிவிட்டது, எனக்கும் சங்கடமாகப் போயிற்று.

உலுலங்காட்_3எஸ்

மூன்றாவது கியரில் பலமாக அழுத்தி விட்டு எடுக்கும்போது உறுமல் கேட்டதா? கேட்டிருந்தால் பெட்டி ஏற்கெனவே தேய ஆரம்பித்துவிட்டது. ஈ153 பெட்டியை ஏற்றி, எஞ்சின் எண்ணை ஜேபிஜேயில் பதிந்து, டயரை மாற்றிவிட்டு வரட்டும், அப்போது பேசுங்கள். இப்போதைய நிலையில் நேர் மாற்று உங்களுக்கு நஷ்டம். அவருக்கு வேண்டுமானால் ஒரு நல்ல ஃபோர்மேனை (மெக்கானிக்) தனிச் செய்தியில் சொல்கிறேன்.

பாயான்பாரு_ரோட்ஸ்டர்

கேட்டது அண்ணே, லேசாக, நான் டயர் சத்தம் என்று நினைத்தேன். உங்கள் செய்தியை அவருக்கு அனுப்பிவிட்டேன், பெட்டி தேட ஆரம்பிக்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். முடித்துவிட்டுக் கூப்பிட்டால் மறுபடி போய்ப் பார்ப்பேன், ஆசை போகவில்லை. இப்போதைக்கு மாற்றவில்லை.

அக்கா, நேற்றுச் சாயங்காலம் துணிக்கூரையை மடித்துவிட்டு வடிகால் துளையில் நைலான் வயர் விட்டேன். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கம் முதலில் வயர் இறங்கவே இல்லை, பிறகு ஒரு கட்டி மண் நகர்ந்தது, கீழே அரை டம்ளர் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அடிச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன், பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கை அகலத்துக்குச் சத்தம் மந்தமாக மாறுகிறது. படம் எடுத்துப் போடுகிறேன், எந்த இடத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.